சிவப்பு ஈஸ்ட் எண்ணெய் கேப்ஸ்யூல்: உண்மையிலேயே பலன் உண்டா?

மலைக்கோட்டை_மருமகன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் மாமனாருக்கு 64 வயது. பிபி மாத்திரை சாப்பிடுகிறார், பீடியும் விடவில்லை. காலை நடைக்கு வரும் நண்பர் ஒருவர் மூலமாக ஒரு டப்பா வாங்கி வந்திருக்கிறார். "நிறமியும் எண்ணெயும் தரும் இயற்கை ஈஸ்ட்டின் எக்ஸ்ட்ராக்ட்" என்று போட்டிருக்கிறது. கூட வந்த தாளில் ஆன்டிஆக்சிடன்ட், கல்லீரல் பாதுகாப்பு, கொழுப்பு குறையும், புற்றுநோய் செல்களைத் தடுக்கும், மீன் எண்ணெய்க்கு மாற்று என்று எதையும் விட்டுவைக்கவில்லை. கீழே பொடி எழுத்தில் "ஆய்வுகளில் நிரூபிக்கப்பட்டது".

நான் ஏதாவது சொன்னால் "மருமகனுக்குக் காசுதான் கண்ணில் படுகிறது" என்பார். விஷயம் தெரிந்தவர்கள் சொன்னால் அதை அப்படியே காட்டிவிடுவேன். ஈஸ்ட்டில் எண்ணெய் எங்கிருந்து வருகிறது? இது ஏமாற்று வேலையா, விஷயம் இருக்கிறதா?

சும்மா_கேட்டேன் எழுதியது:

சீனாவில் சிவப்பு ஈஸ்ட் அரிசி என்று ஒன்று உண்டே, கொலஸ்ட்ராலுக்கு நன்றாக வேலை செய்யும் என்கிறார்கள். அதுவாக இருந்தால் பலன் இருக்கும் தம்பி. என் மைத்துனர் ஒரு வருடமாகச் சாப்பிடுகிறார், நன்றாகத்தான் இருக்கிறார்.

ஈஸ்ட்_வாத்தியார் எழுதியது:

முதலில் சும்மா_கேட்டேன் ஐயா சொன்னதை விலக்கி வைத்துவிடுவோம். அந்தச் சிவப்பு அரிசி மொனாஸ்கஸ் என்ற பூஞ்சையை அரிசியில் வளர்த்துச் செய்வது. அதில் உருவாகும் மொனாகோலின் கே, லோவாஸ்டாடின் என்ற கொலஸ்ட்ரால் மருந்தின் (ஸ்டாடின் வகை) அதே மூலக்கூறு. ஆகவே கொலஸ்ட்ரால் குறைவதில் அதிசயம் இல்லை, பக்க விளைவுகளும் ஸ்டாடினுக்கு உள்ளவைதான். மருமகன் தம்பி கேட்பது வேறு வகை உயிரி. அதில் மொனாகோலின் கிடையாது.

இப்போது விஷயத்துக்கு வருவோம். நிறமியும் எண்ணெயும் சேர்த்துத் தரும் ஈஸ்ட் என்றால் முதலில் நினைவுக்கு வருவது ரோடோடோருலா என்ற பேரினம். இளஞ்சிவப்பு, செம்மஞ்சள், பவள நிறம் என்று தட்டில் பார்க்க அழகாக வளரும். இலைகளின் மேல், கடல் நீரில், காற்றில், பால் பொருட்களில், ஈரமான குளியலறை ஓரங்களில் என்று எங்கும் இருப்பது. இவற்றில் சில இனங்கள், குறிப்பாக ரோடோடோருலா டோருலாய்டிஸ், எண்ணெயைச் சேர்த்து வைப்பதில் கெட்டிக்காரர்கள். உலர்ந்த எடையில் 20 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு சேர்த்தால் அதை எண்ணெய் ஈஸ்ட் என்போம். டோருலாய்டிஸ் சரியான சூழலில் 60 சதவீதத்தையும் தாண்டும். ரொட்டி ஈஸ்ட்டில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

எண்ணெய் வருவது இப்படித்தான். சர்க்கரை நிறைய கொடுத்து நைட்ரஜனை மட்டும் நிறுத்திவிட வேண்டும். புரதம் செய்ய வழியில்லாததால் செல் பிரிவது நிற்கும், ஆனால் சர்க்கரை உள்ளே போவது நிற்காது. செல்லுக்குள் ஆற்றல் தயாராகும் அறையான மைட்டோகாண்ட்ரியாவில் சிட்ரேட் என்ற பொருள் தேங்கி வெளியே வழியும். ஒரு நொதி அதை உடைத்து அசிடைல் கோ-ஏ என்ற சிறு மூலக்கூறு ஆக்கும். அதிலிருந்து கொழுப்பு. அதே அசிடைல் கோ-ஏ இன்னொரு பாதையில் போனால் கரோட்டினாய்டு நிறமி. இரண்டுக்கும் ஒரே மூலப்பொருள் என்பதால், தொட்டியை நடத்துபவருக்கு எண்ணெயா நிறமியா என்ற இழுபறி தீரவே தீராது.

நிறமிகள் முக்கியமாக நான்கு: பீட்டா கரோட்டின், காமா கரோட்டின், டோருலீன், டோருலாரோடின். முதலாவது நம் கேரட்டிலும் முருங்கைக் கீரையிலும் இருப்பதே. கடைசி இரண்டும்தான் இந்த ஈஸ்ட்களின் தனி அடையாளம். நாம் அன்றாடம் சாப்பிடும் காய்கறி எதிலும் அவை இருப்பதாகத் தெரியவில்லை.

இது ஏமாற்று வேலை என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. பொருள் உண்மை, அறிவியலும் உண்மை. அந்தத் தாளில் எழுதியிருப்பதற்கும் அறிவியலுக்கும் உள்ள தூரம்தான் பிரச்சினை.

மலைக்கோட்டை_மருமகன் எழுதியது:

ரொம்ப நன்றி சார். அந்தத் தூரத்தைத்தான் எனக்கு விளக்க வேண்டும். "ஆய்வுகளில் நிரூபிக்கப்பட்டது" என்பது பொய்யா?

ஈஸ்ட்_வாத்தியார் எழுதியது:

பொய் என்று சொல்ல மாட்டேன். எந்த ஆய்வு என்று கேட்கச் சொல்வேன்.

இந்த ஈஸ்ட் சாறுகளைப் பற்றி வரும் கட்டுரைகளில் பெரும்பகுதி சோதனைக்குழாயோடு நின்றுவிடும். டி.பி.பி.எச். என்று ஒரு ஊதா நிறத் திரவம். அதில் சாற்றை ஊற்றினால் நிறம் மங்கும். எவ்வளவு மங்குகிறதோ அவ்வளவு ஆன்டிஆக்சிடன்ட் திறன் என்று ஒரு எண் வரும். காபித் தூளை ஊற்றினாலும் மங்கும், புளித் தண்ணீரை ஊற்றினாலும் ஓரளவு மங்கும். அந்த எண்ணுக்கும் நம் உடம்புக்குள் நடப்பதற்கும் நேர்த் தொடர்பு இல்லை. அமெரிக்க விவசாயத் துறை உணவுப் பொருட்களுக்கு ஒராக் என்ற இதே மாதிரி அளவீட்டுப் பட்டியல் ஒன்றை இணையத்தில் வைத்திருந்தது. சப்ளிமெண்ட் விற்பவர்கள் அதைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள், அந்த எண்களுக்கும் உடல்நலத்துக்கும் தொடர்பு காட்டப்படவில்லை என்று சொல்லி 2012இல் எடுத்துவிட்டார்கள். எடுத்து இத்தனை வருடம் ஆகியும் விளம்பரத் தாள்களில் மட்டும் அந்த எண்கள் சாகவில்லை.

அடுத்த படி செல் வளர்ப்பு. தட்டில் வளரும் புற்றுநோய் செல்கள்மேல் சாற்றை ஊற்றுவது. செறிவு போதுமான அளவு இருந்தால் பல பொருட்கள் தட்டில் உள்ள செல்லைக் கொல்லும். சாற்றை எடுக்கப் பயன்படுத்திய கரைப்பானே கொல்லலாம், அதற்குத் தனியாக ஒப்பீடு வைத்தார்களா என்பதை நான் முதலில் பார்ப்பேன்.

அதற்கு மேலே எலி. இங்கேதான் கொஞ்சம் சுவாரசியமாகிறது. டோருலாரோடினுக்கு 13 இணைந்த இரட்டைப் பிணைப்புகள். பீட்டா கரோட்டினுக்கும் தக்காளியின் லைகோபீனுக்கும் 11தான். கிளர்ச்சியுற்ற ஆக்சிஜனைத் தணிக்கும் வேலையில் இந்த நீளம் உதவும். எலிகளில் மதுவால் வரும் கல்லீரல் சேதம், கொழுப்பு உணவால் வரும் கோளாறு, புராஸ்டேட் கட்டி போன்றவற்றில் டோருலீனும் டோருலாரோடினும் நல்ல திசையில் வேலை செய்ததாக ஆய்வுகள் வந்திருக்கின்றன. ரோடோடோருலா குளூட்டினிஸ் நிறமியை எலிகளுக்கு 13 வாரம் வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்த நச்சுத்தன்மைச் சோதனை இந்தியாவிலேயே நடந்தது. கெடுதல் தெரியவில்லை.

எலிக்கு மேலே ஏணி வெறுமையாக இருக்கிறது. மனிதர்களில் நூற்றுக்கணக்கான பேருக்குக் கொடுத்து, போலி மாத்திரையோடு ஒப்பிட்டு, நோய் குறைந்தது என்று காட்டிய பெரிய சோதனை எதையும் அந்தத் தாளால் சுட்டிக்காட்ட முடியாது. முடிந்திருந்தால் பொடி எழுத்தில் போட்டிருக்க மாட்டார்கள்.

மருந்துக்கடை_அக்கா எழுதியது:

வாத்தியார் சார் அறிவியலைச் சொல்லிவிட்டார். நான் மாமனாரின் பீடியைப் பிடித்துக்கொள்கிறேன், எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது.

ஃபின்லாந்தில் 50 முதல் 69 வயது வரையான புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. காய்கறி, பழம் நிறைய சாப்பிடுபவர்களுக்கு நுரையீரல் புற்று குறைவு, அவர்கள் ரத்தத்தில் பீட்டா கரோட்டின் அதிகம். சரி, அதை மாத்திரையாகக் கொடுத்தால் புற்று குறையும் என்பது கணக்கு. தினம் 20 மில்லிகிராம், 5 முதல் 8 வருடம். 1994இல் முடிவு வந்தது: பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்று 18 சதவீதம் அதிகம்! தற்செயலாக இருக்கும் என்று நினைத்தவர்களுக்கு 1996இல் அமெரிக்காவிலிருந்து அடுத்த செய்தி. புகைபிடிப்பவர்கள், விட்டவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்கள் என்று 18,314 பேர். 30 மில்லிகிராம் பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ. அங்கே 28 சதவீதம் அதிகம். சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள்.

தட்டில், எலியில், ரத்தப் பரிசோதனையில் எல்லாம் நன்றாகத் தெரிந்த பொருள்தான் அது. அதனால் என் கடையில் கரோட்டின் கலந்த எதைக் கேட்டாலும் "புகைபிடிப்பீர்களா" என்று கேட்காமல் கொடுக்க மாட்டேன். தம்பி, டப்பாவில் அளவு என்ன போட்டிருக்கிறது? அதைச் சொல்லுங்கள்.

கேரட் பொரியல் சாப்பிடலாமா என்று யாரும் பயப்பட வேண்டாம். உணவிலிருந்து வரும் கரோட்டினுக்கு இந்தப் பிரச்சினை காணப்படவில்லை.

மலைக்கோட்டை_மருமகன் எழுதியது:

அக்கா, இப்போதுதான் டப்பாவை எடுத்துப் பார்த்தேன். "ரோடோடோருலா உலர் பயோமாஸ் எக்ஸ்ட்ராக்ட் 250 மி.கி." என்று மட்டும் இருக்கிறது. கரோட்டின் எவ்வளவு, டோருலீன் எவ்வளவு என்று எதுவும் இல்லை. உணவுப் பாதுகாப்பு ஆணைய உரிமம் 14 இலக்கத்தில் இருக்கிறது. அது இருந்தால் அரசே சோதித்துப் பார்த்தது என்றுதானே அர்த்தம்? மாமனார் அதைத்தான் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்.

மருந்துக்கடை_அக்கா எழுதியது:

இல்லை தம்பி. உணவுத் தொழில் நடத்துவதற்கான உரிமம் அது. தெருமுனை இட்லிக் கடையிலும் இப்படிப் பதிவு எண்ணைப் பார்க்கலாம். இந்தக் கேப்ஸ்யூல் கல்லீரலைக் காப்பாற்றும் என்று அரசு சோதித்துச் சான்று கொடுத்ததாக அதற்கு அர்த்தம் இல்லை.

"உலர் பயோமாஸ் எக்ஸ்ட்ராக்ட்" என்பதே குழப்பமாக இருக்கிறது. பயோமாஸ் என்றால் முழு ஈஸ்ட். எக்ஸ்ட்ராக்ட் என்றால் அதிலிருந்து பிரித்தெடுத்தது. இரண்டில் எது? வாத்தியார் சார் வந்தால் கேளுங்கள்.

ஈஸ்ட்_வாத்தியார் எழுதியது:

அக்கா சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். இரண்டுக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முழு ஈஸ்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இயற்கை வகைகளில் ஒரு கிராம் உலர் ஈஸ்ட்டுக்குச் சில நூறு மைக்ரோகிராம் கரோட்டினாய்டு கிடைப்பது சகஜம். தாராளமாக 500 என்று எடுப்போம். 250 மில்லிகிராம் கேப்ஸ்யூலில் 125 மைக்ரோகிராம் வரும், அதாவது 0.125 மில்லிகிராம். எல்லா நிறமியும் சேர்ந்துதான் இது. 100 கிராம் கேரட்டில் பீட்டா கரோட்டின் மட்டுமே பல மில்லிகிராம் இருக்கும். அக்கா பயந்த 20 மில்லிகிராமுக்குப் பக்கத்தில்கூட இது வராது, பலன் தரும் அளவுக்கும் வராது. கெடுதலும் இல்லை, நல்லதும் இல்லை, விலை மட்டும் உண்டு.

எண்ணெய்க் கணக்கு இன்னும் வேடிக்கை. பாதி எண்ணெய் என்றாலும் 125 மில்லிகிராம். தோசைக்கல்லில் தடவும்போது சிந்துவதே அதைவிட அதிகம். அது என்ன எண்ணெய் என்று கேட்டால், ஒலெயிக், பால்மிடிக், லினோலெயிக், ஸ்டீயரிக் அமிலங்கள். அமைப்பில் பாமாயிலுக்கு நெருங்கிய உறவு. அதனால்தான் இந்த ஈஸ்ட்டை பயோடீசலுக்கும் பாமாயிலுக்கு மாற்றாகவும் இத்தனை பேர் ஆராய்கிறார்கள். மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்புகளான இ.பி.ஏ., டி.எச்.ஏ. இதில் இயற்கையாகக் கிடையாது. இ.பி.ஏ. தரும் ஈஸ்ட் ஒன்று உண்மையிலேயே உண்டு. யாரோவியா லிபோலிடிகா என்ற எண்ணெய் ஈஸ்ட்டில் வேறு உயிரிகளின் மரபணுக்களைச் சேர்த்து அமெரிக்காவில் டூபான்ட் நிறுவனம் செய்தது. அந்த ஈஸ்ட்டுக்கு இயற்கையில் இந்தச் சிவப்பு நிறம் கிடையாது. உங்கள் டப்பாவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

இப்போது இரண்டாவது கணக்கு, அது உண்மையான எக்ஸ்ட்ராக்ட்டாக இருந்தால். ரோடோடோருலாவின் செல் சுவர் தடிமன், நிறமி லேசில் வெளியே வராது. ஆய்வகத்தில் அமிலத்தில் வேகவைப்பார்கள், கண்ணாடி மணிகளோடு குலுக்குவார்கள், டைமீதைல் சல்ஃபாக்சைடில் ஊறவைத்து அசிட்டோனில் இழுப்பார்கள். கட்டுரைக்கு அது சரி. உணவாக விற்பதற்கு எத்தனால், அல்லது உயர் அழுத்தக் கார்பன் டை ஆக்சைடு மாதிரி முறைகள் வேண்டும். எந்தக் கரைப்பான், எவ்வளவு மிச்சம், எத்தனை மடங்கு செறிவு என்று எதையும் சொல்லாத எக்ஸ்ட்ராக்ட்டில் 0.1 மில்லிகிராமும் இருக்கலாம், 10 மில்லிகிராமும் இருக்கலாம். முதலாவது வீண். இரண்டாவதை பீடி பிடிப்பவருக்கு நான் கொடுக்க மாட்டேன்.

சும்மா_கேட்டேன் எழுதியது:

அஸ்டாக்சாந்தின் என்று ஒன்று கண்ணுக்கு, தோலுக்கு என்று எல்லாக் கடையிலும் விற்கிறதே சார், அதுவும் ஈஸ்ட்டில் இருந்துதான் என்றார்கள். அதற்கு மனித ஆய்வுகள் இருக்கின்றன அல்லவா?

ஈஸ்ட்_வாத்தியார் எழுதியது:

நல்ல கேள்வி. அஸ்டாக்சாந்தின் தரும் ஈஸ்ட்டுக்கு ஃபாஃபியா ரோடோசைமா என்று பெயர். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த ஹெர்மன் ஃபாஃப் ஜப்பானிலும் வட அமெரிக்கப் பசிபிக் கரையிலும் மரங்களிலிருந்து கசியும் சாற்றில் கண்டெடுத்தது. 1976இல் அவர் பெயரையே வைத்தார்கள். எண்ணெய் ஈஸ்ட் வரிசையில் இதை யாரும் முன்னால் வைக்க மாட்டார்கள், நிறமியில் மட்டும் நட்சத்திரம். பண்ணை சால்மன் மீனின் சதை செம்மையாக இருக்க வேண்டுமே, அந்தத் தீவனத்துக்கு இந்த ஈஸ்ட்டைச் சேர்க்க அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2000இல் அனுமதி கொடுத்தது.

மனித ஆய்வுகள் சில உண்டு, பெரும்பாலும் சிறியவை. அவற்றில் அதிகம் பயன்பட்டது ஹெமடோகாக்கஸ் என்ற பாசியிலிருந்து எடுத்த அஸ்டாக்சாந்தின். ஈஸ்ட் தருவது அதே சூத்திரம், ஆனால் முப்பரிமாண அமைப்பில் பாசியுடையதற்குக் கண்ணாடி பிம்பம். பாசியில் கிடைத்த முடிவை எடுத்து ஈஸ்ட் டப்பாவில் ஒட்டுவதை நான் ஏற்க மாட்டேன். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அஸ்டாக்சாந்தினுக்கு ஒரு நாள் வரம்பாக உடல் எடை கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் வைத்திருக்கிறது. அது பாதுகாப்பு வரம்பு, பலனுக்கான சான்று இல்லை.

ரோடோடோருலாவில் அஸ்டாக்சாந்தின் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த டப்பாவில் அதையும் எழுதிவிடப் போகிறார்கள்.

காரைக்கால்_செவிலி எழுதியது:

தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்ப்பவள் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். ரோடோடோருலா எங்களுக்கு ரத்தப் பரிசோதனை அறிக்கையில் வரும் பெயர். கீமோ எடுப்பவர்கள், நெஞ்சில் நீண்ட நாள் குழாய் வைத்திருப்பவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் ரத்தத்தில் இது சில சமயம் புகுந்துவிடும், பெரும்பாலும் மியூசிலாஜினோசா இனம். வழக்கமான பூஞ்சை மருந்தான ஃப்ளுகோனசோல் இதற்கு வேலை செய்யாது, கேஸ்போஃபஞ்சின் வகையும் உதவாது. ஆம்போடெரிசின் போட வேண்டும், குழாயையும் எடுக்க வேண்டும்.

கரைப்பானில் எடுத்த சாற்றில் உயிருள்ள செல் இருக்க வாய்ப்பில்லை, ஆரோக்கியமானவர் பயப்படத் தேவையில்லை. ஆனால் "உயிருள்ள ஈஸ்ட்" என்றோ "புரோபயாடிக்" என்றோ போட்டு இந்தப் பேரினத்தை விற்றால், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர் வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். கேன்சரைத் தடுக்கும் என்ற விளம்பரத்தை நம்பி வாங்கப் போவது அவர்கள்தான்.

குளியலறை ஓரத்தில் வரும் இளஞ்சிவப்புப் படலம் இதுவா என்று யாராவது கேட்பீர்கள். இதுவும் வரலாம், செராஷியா என்ற பாக்டீரியாவும் வரலாம், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. தேய்த்துக் கழுவுங்கள், போதும். இட்லி மாவில் அந்த நிறம் வந்தால் கொட்டிவிடுங்கள்.

ஈஸ்ட்_வாத்தியார் எழுதியது:

செவிலி அம்மா சொன்னதோடு இன்னொன்று. தொட்டியில் வளர்க்கும் எதிலும் அழையாத விருந்தாளி புகுந்துவிடும் ஆபத்து உண்டு. மேலே பேசிய மொனாஸ்கஸ் அரிசி கேப்ஸ்யூலைச் சாப்பிட்ட பலருக்கு ஜப்பானில் சிறுநீரகம் கெட்டுப்போனது 2024 மார்ச்சில் பெரிய செய்தி. வேறொரு நீலப் பூஞ்சை உற்பத்தியில் புகுந்து பியூபெருலிக் அமிலம் என்ற நச்சுப் பொருளை உண்டாக்கியிருந்தது. நாடறிந்த நிறுவனம், நவீன ஆலை, அங்கேயே அப்படி. யார் செய்தார்கள், எங்கே செய்தார்கள் என்று தெரியாத டப்பா என்றால் எனக்கு முதல் கவலை இதுதான். மற்ற விவாதமெல்லாம் அப்புறம்.

மருத்துவத்தில் இந்த ஈஸ்ட்டுக்கு இடமே இல்லை என்றும் நினைக்காதீர்கள். ஃபீனைல்கீட்டோன்யூரியா என்ற பிறவி நோயில் உடம்பால் ஃபீனைல்அலனைனை உடைக்க முடியாது. அதை உடைக்கும் நொதி டோருலாய்டிஸில் இருக்கிறது, பல பத்தாண்டுகளாக அதை ஆராய்ந்தார்கள். 2018இல் அமெரிக்காவில் ஊசி மருந்தாக அனுமதி பெற்றது அதே வகை நொதி, ஆனால் அனபீனா என்ற நீலப்பச்சைப் பாசியினுடையது. அதற்கு எத்தனை வருடச் சோதனை, எத்தனை எச்சரிக்கை! கேப்ஸ்யூல்காரர்களுக்கு அந்தப் பொறுமை இல்லை.

நாமக்கல்_லேயர் எழுதியது:

இழை கொஞ்சம் திசை மாறினால் மன்னிக்கவும். நாங்கள் முட்டைக்கோழி வைத்திருக்கிறோம். மஞ்சள் கரு வெளிறி இருக்கிறது என்று புகார் வரும்போது தீவனத்தில் செண்டுமல்லிச் சாறு சேர்க்கிறோம், விலை கடிக்கிறது. இந்த ஈஸ்ட்டை கரும்பாலை மொலாசஸில் வளர்க்கலாம் என்று படித்தேன். மனிதனுக்கு உதவுமோ இல்லையோ, கோழிக்கு உதவுமா சார்?

ஈஸ்ட்_வாத்தியார் எழுதியது:

மன்னிப்பு எதற்கு, இந்த இழையிலேயே உருப்படியான கேள்வி உங்களுடையதுதான். நிறமி ஈஸ்ட்டுக்குச் சான்று வலுவாக இருக்கும் இடம் தீவனம். மீன், கோழி இரண்டிலும் நிறம் ஏறுவதைக் கண்ணால் பார்க்கலாம், அளக்கலாம்.

ஆனால் எந்த ஈஸ்ட் என்பது முக்கியம். கோழி பீட்டா கரோட்டினைப் பெரும்பாலும் வைட்டமின் ஏ ஆக்கிவிடும், கருவில் நிறம் ஏறாது. ஆக்சிஜன் உள்ள கரோட்டினாய்டுகளைத்தான் கருவுக்கு அனுப்பும். செண்டுமல்லியின் லூட்டீன் அதனால்தான் வேலை செய்கிறது. பீட்டா கரோட்டின் அதிகம் தரும் ரோடோடோருலாவை வாங்கிப் போட்டால் ஏமாறுவீர்கள். ஃபாஃபியாவை முட்டைக்கோழிக்குக் கொடுத்துப் பார்த்த வேலை 1980 வாக்கிலேயே டேவிஸில் நடந்தது. செல் சுவரை உடைத்துக் கொடுத்தால் நிறம் ஏறியது, முழு செல்லாகக் கொடுத்தபோது பெரிதாக ஏறவில்லை.

மொலாசஸில் வளரும், பயோடீசல் ஆலைக் கழிவான கிளிசராலிலும் வளரும். செலவு அங்கே இல்லை. காற்றோட்டம் நிறைய வேண்டும், ஃபாஃபியாவுக்கு 20 டிகிரிப் பக்கம் குளிர்ச்சி வேண்டும், அப்புறம் செல்லை உடைக்க வேண்டும், உலர்த்த வேண்டும். நாமக்கல் வெயிலில் தொட்டியைக் குளிர்விக்கும் மின்கட்டணத்தை முதலில் போட்டுப் பாருங்கள். அதை செண்டுமல்லி விலையோடு ஒப்பிட்டுவிட்டு இங்கே எழுதுங்கள்.

மலைக்கோட்டை_மருமகன் எழுதியது:

எல்லாவற்றையும் மாமனாரிடம் படித்துக் காட்டினேன். கேரட் கணக்கு வந்ததும் டப்பாவை வாங்கிப் பார்த்தார், ஃபின்லாந்து வந்ததும் கொஞ்சம் கோபம். "அப்போ பீடியைத்தான் விடச் சொல்கிறீர்கள்" என்றார். அது அக்கா சொன்னது, நான் இல்லை என்றேன். மீதிக் கேப்ஸ்யூலைத் திருப்பிக் கொடுத்தால் நண்பர் பணம் தருவாரா என்று கேட்டிருக்கிறார், இன்னும் பதில் இல்லை.

மருந்துக்கடை_அக்கா எழுதியது:

பணம் வந்தால் அதில் நிகோட்டின் சூயிங்கம் வாங்கிக் கொடுங்கள் தம்பி. அதற்கு மனிதர்களிடம் செய்த சோதனைகள் நிறையவே இருக்கின்றன. பிபி இருப்பதால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள்.